பூனைக்குப் படர்தாமரையா? புறஊதா டார்ச்சில் பாருங்கள்

பூனையின் காதோரம், முகம், முன்னங்காலில் வட்டமாக முடி கொட்டிச் சாம்பல் போலச் செதில் தெரிந்தால், இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள். படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சை முடித்தண்டில் சேர்க்கும் வேதிப்பொருள் பச்சையாக ஒளிரும். செதிலும் களிம்பும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால் அது கணக்கில்லை. கள்ளநோட்டு பார்க்கும் 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையே கொட்டி ஏமாற்றும்.

பச்சை முடிகளைக் கையுறையோடு வேரோடு பிடுங்கிக் காகித உறையில் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். பரிசோதனைக்கு அதுவே சரியான மாதிரி. ஒளிராததால் நோயில்லை என்று விட்டுவிடாதீர்கள், படர்தாமரை தரும் இன்னொரு பூஞ்சையான ட்ரைக்கோஃபைட்டான் ஒளிராது. நமக்கு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவவே வேண்டாம்: சிவப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.