மிஷன் பணிக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறீர்களா? முதலில் திருமணச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

அழைப்பைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஜெபித்து, பேசி, "சரி, போகிறோம்" என்று கணவனும் மனைவியும் ஒரே மனதாக முடிவெடுத்துவிட்டவர்களுக்கான பதிவு இது. நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு கிளம்பினோம். ஒரே ஒரு சான்றிதழால் பயணம் நான்கு மாதம் தள்ளிப்போனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

1. சபையோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. அவர்களும் திரும்பி வந்து அதே சபையைக் கூட்டி, நடந்ததையெல்லாம் சொன்னார்கள். அனுப்புகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அப்படியொரு கட்டு இருக்க வேண்டும். மாதம் எவ்வளவு தாங்குவார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் திரும்பும் செலவு யாருடையது? மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

2. விசா. மத ஊழியர்களுக்கென்று தனி வகை பல நாடுகளில் உண்டு. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிடிபட்டால் பாதிக்கப்படுவது நீங்கள் மட்டுமல்ல, அங்கே உங்களை ஏற்றுக்கொண்ட சபையும்தான்.

3. சான்றிதழ்கள். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப விசா எடுக்கத் திருமணச் சான்றிதழில் அபோஸ்டில் முத்திரை கேட்டார்கள். போதகர் கையெழுத்தும் சபை முத்திரையும் உள்ள சான்றிதழைக் கொடுத்தோம். அது அப்படியே திரும்பி வந்தது. அபோஸ்டில் என்பது, ஆவணம் உண்மையானதென்று வெளிநாட்டில் ஏற்பதற்காக, 1961 ஹேக் உடன்படிக்கையின்படி பொது ஆவணங்களுக்கு, அதாவது அரசு அலுவலகம், நீதிமன்றம், நோட்டரி போன்றவர்கள் தரும் ஆவணங்களுக்கு மட்டும் போடும் முத்திரை. சபை தரும் சான்றிதழ் பொதுவாக அந்தக் கணக்கில் வராது. அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்த படிதான் வேண்டும்.

அதை வாங்கப் போனால் அடுத்த சிக்கல். சபைப் பதிவேட்டில் இருந்தது மனைவியின் ஞானஸ்நானப் பெயர். பாஸ்போர்ட்டில் இருந்தது பிறந்தபோது வைத்த பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்து முடிக்கத்தான் அந்த நான்கு மாதம் போனது. அதற்குள் சபையில் வழியனுப்பும் ஆராதனையே முடிந்திருந்தது. விசா கைக்கு வருமுன் அதற்கு நாள் குறிக்காதீர்கள்; ஒவ்வொரு ஞாயிறும் "இன்னும் போகலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது பிள்ளைகளுக்குப் பாரமாக இருந்தது.

ஆகவே, இன்றைக்கே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதென்று எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்: பெயர்த் திருத்தம், அரசுப் படி, அபோஸ்டில், கடைசியாக மொழிபெயர்ப்பு. முதலிலேயே மொழிபெயர்த்துவிட்டால், முத்திரையில் உள்ளதை மொழிபெயர்க்க மறுபடி காசு கொடுக்க நேரலாம். நீங்கள் போகும் நாடு உடன்படிக்கையில் இல்லையென்றால், வழக்கமாக வெளியுறவுத் துறையில் சான்றளித்து, அதன்பின் அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் போக வேண்டும். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றை மட்டும் பிந்தி வாங்குங்கள்; அதைச் சில மாதங்களுக்குத்தான் ஏற்பார்கள்.

இதற்கெல்லாம் செயலி எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. அறை அறையாகப் பிரித்த ஒரு கோப்பு, ஆளுக்கொரு அறை. ஸ்கேன் செய்த படிகள் இரண்டு இடத்தில். அவ்வளவு போதும்.

4. தடுப்பூசி. ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. வழக்கமான அட்டவணையில் முடிய ஆறு மாதமாகும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று, போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்பதால் பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்குப் பொதுவாக அதைப் போட மாட்டார்கள். கைக்குழந்தை இருந்தால் பயணத் தேதியை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

5. பிள்ளைகள். அழைப்பு நமக்கு வந்தது. இழப்பு அவர்களுக்கும் உண்டு. நண்பர்கள், ஆசிரியர், தாத்தா பாட்டி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப நேரம் கொடுங்கள். அழுதால், "கர்த்தருக்காகப் போகிறோம், அழக் கூடாது" என்று அடக்காதீர்கள். ஆளுக்கொரு பெட்டி கொடுத்து, அதில் என்ன வைப்பதென்று அவர்களே முடிவு செய்யட்டும். என் மகள் கூழாங்கற்கள் வைத்தாள். எடை கூடினாலும் எடுக்கவில்லை.

6. மூட்டை கட்டுதல். கையில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு தராசு ஒன்று வாங்குங்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். மருந்துகளோடு மருத்துவர் சீட்டும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு சகோதரி, வங்கிக் கணக்கில் இருந்த காணிக்கையை அங்கே போய் எடுக்க முடியாமல் தவித்ததாக எழுதியிருந்தார். ஓடிபி வரும் பழைய கைபேசி எண் செயலிழந்திருந்தது. கிளம்புமுன் அந்த எண்ணுக்கு வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வருமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இன்னொருவர் அதிகாரப் பத்திரம் (நமக்குப் பதிலாகச் செயல்பட வேறொருவருக்கு உரிமை தரும் பத்திரம்) பற்றிக் கேட்டிருந்தார். வீடு, நிலம், வயதான பெற்றோரின் மருத்துவம் எதுவாக இருந்தாலும், நம்பிக்கையான ஒருவர் பெயரில் கிளம்புமுன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அங்கே போனபின் என்றால், அதற்காகத் தூதரகம் வரை அலைய வேண்டிவரும்.