வட்டம் பிரிந்தால் டேபிள் உடையக் கூடாது: மர அமைப்புத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றன்கீழ் ஒன்றாக மரக்கிளைபோல் பிரியும் தரவை டேட்டாபேஸில் வைக்க, மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம் என்று நான்கு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு வரியிலும் பெயரை நிரப்புவதுதான் பலரும் முதலில் செய்வது. குமரி மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கே வட்டம் இருந்தவரை இதன் சிக்கல் தெரிந்திருக்காது. கல்குளத்திலிருந்து திருவட்டாறும் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்ததும், அங்கே போன ஒவ்வொரு கிராமத்தின் வரியையும் திருத்த வேண்டிவரும். ஒன்று விட்டுப்போனால் ஒரே குறுவட்டம் இரண்டு வட்டத்திலும் தலைகாட்டும். ஐடி, பெயர், பேரன்ட் ஐடி (மேலே உள்ள வரியின் ஐடி) என்று ஒரே டேபிளாக வைத்தால், குறுவட்டம் முழுதாக இடம் மாறும்போது ஒரு வரியைத் திருத்தினால் போதும். பெயரையே அடையாளமாக வைக்காதீர்கள்; கிள்ளியூர் வட்டமும் உண்டு, கிள்ளியூர் பேரூராட்சியும் உண்டு.

அடுத்த பொறி, நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத இடம். உச்சியில் இருக்கும் மாவட்ட வரிக்குப் பேரன்ட் கிடையாது, அங்கே நல்தான் இருக்கும். கீழே எதுவும் இல்லாத வரிகளைத் தேட, பேரன்ட் ஐடி பட்டியல்மேல் 'நாட் இன்' (NOT IN, இந்தப் பட்டியலில் இல்லாதவை) போட்டால் ஒரு வரிகூட வராது, பிழைச்செய்தியும் வராது. பட்டியலில் ஒரு நல் இருந்தாலே ஒப்பீடு 'தெரியாது' என்று முடிந்துவிடும். அதற்குப் பதில், இந்த வரியைப் பேரன்ட்டாகக் கொண்ட வரி இல்லையா என்று பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS) எழுதுங்கள்.

ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிக் குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை) அனுப்பி லூப் ஓட்டுவதும் வீண். ஒரே குவெரியில் எல்லா நிலைக்கும் இறங்கும் 'வித் ரிகர்சிவ்' (WITH RECURSIVE), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 8.4 பதிப்பு முதலும் மைஎஸ்கியூஎல்லில் 8.0 முதலும் இருக்கிறது. ஆனால் பேரன்ட் ஐடிக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) வேண்டும். பேரன்ட் ஐடி உண்மையில் உள்ள வரியையே காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடான ஃபாரின் கீ போட்டதும் மைஎஸ்கியூஎல் தானே இண்டெக்ஸ் அமைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் அமைக்காது.

ரிகர்சிவ் குவெரியில் பயப்பட வேண்டியது சுழற்சிக்கு. ஒரு வரியை அதன் பேரப்பிள்ளைக்குக் கீழேயே கொண்டுபோய் வைத்தால் ஃபாரின் கீ தடுக்காது. மைஎஸ்கியூஎல் 1000 சுற்றில் பிழை காட்டி நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டே இருக்கும். குவெரியில் சுற்றுகளை இணைக்கும் 'யூனியன் ஆல்' என்பதை, ஒரே வரி மறுபடி வந்தால் விட்டுவிடும் 'யூனியன்' ஆக்கினால் நிற்கும் என்பார்கள். நிலை எண்ணையும் சேர்த்து எடுத்தால் நிற்காது, ஏனென்றால் சுற்றுக்குச் சுற்று வரி வேறாகிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் 14 முதல், சுழற்சியைக் கண்டுபிடிக்கும் 'சைக்கிள்' (CYCLE) என்ற பிரிவு உண்டு. அதைவிட, பேரன்ட்டை மாற்றும் முன்பே புதுப் பேரன்ட்டிலிருந்து உச்சிவரை ஏறிப் பாருங்கள். வழியில் நகர்த்தும் வரியே எதிர்ப்பட்டால் மறுத்துவிடுங்கள்.

பேரன்ட் ஐடிக்குப் பதில், உச்சியிலிருந்து வரும் ஐடிகளை '/1/4/' போல ஒரே பாதையாக எழுத்தில் சேமிப்பவர்கள் கடைசியிலும் சாய்கோடு போட மறக்கக் கூடாது. '/1/4' என்று தொடங்குவதைத் தேடினால் '/1/40'-ம் கூடவே வரும். '/1/4/' என்று தேடினால் வராது.