திருவாதிரைய அளந்த வித்தை, நம்ம வளவு வீட்டுல

1920 டிசம்பர்ல மைக்கல்சன், பீஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் வானாய்வகத்து 100 இன்ச் டெலஸ்கோப் தலையில 20 அடி உத்தரத்தை ஏத்தி, ரெண்டு கண்ணாடிய தள்ளித் தள்ளி வச்சுப் பாத்தாங்க. ரெண்டுலயும் வர்ற ஒளி சேந்தா வரிவரியா தெரியும், விலக்கிட்டே போனா ஓரிடத்துல வரி அழிஞ்சிரும். திருவாதிரை நட்சத்திரத்துக்கு சுமார் 10 அடியில அழிஞ்சுது, அதை வச்சுக் கணக்குப் போட்டா வானத்துல அதோட அகலம் 0.047 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரில 3600ல ஒரு பங்கு).

அதையே கானாடுகாத்தான் வீட்டுல செஞ்சேன். முகப்புலேருந்து பின்கட்டு வரை நிலையெல்லாம் ஒரே நேர்ல இருக்கா, 30 மீட்டர் சுளையா கிடைச்சுது.

1. தகரத்துல 5 மி.மீ. ட்ரில் பிட்டால ஓட்டை, பின்னாடி பட்டர் பேப்பர், அதுக்கும் பின்னாடி பச்சை எல்இடி. இதான் நட்சத்திரம், முகப்புல வைங்க.

2. பின்கட்டுல டெலஸ்கோப்ப வச்சு, அதோட மூடிக்குப் பதிலா, ஊசியால ரெண்டு ஓட்டை போட்ட தகடு. இடைவெளி 2, 3, 4, 5 மி.மீ.னு தனித்தனியா. ஃபாயில் வேணாம், கிழியும். ஜூஸ் டின்னை வெட்டி மார்க்கர்ல கருப்படிச்சதுதான் பெஸ்ட்.

3. இங்கதான் நான் மாட்டுனேன். 2 மி.மீ.லயே வரி இல்ல! முகப்புல வச்ச நட்சத்திர ஓட்டை அவ்ளோ பெருசான்னு ரெண்டு ராத்திரி மண்டைய உடைச்சேன். அப்பத்தா வேற, "நிலையில எதுக்குடா வெளக்கத் தொங்க விட்டிருக்கே"ன்னு திட்டு. அப்புறம் அதே இடத்துல ஊசி முனை ஓட்டை வச்ச தகரத்தை மாத்திப் பாத்தா அதுலயும் வரி இல்ல, அதுல கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், அப்போ தப்பு என் பக்கம்தானே. நூல்ல கட்டுன தகரம் வாசல் காத்துல நடுங்கிட்டே இருந்திருக்கு, நடுங்குற சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டை மாதிரிதான் வரிய அழிக்கும். ஸ்டூல் மேல செங்கல் வச்சு அணைச்சதும் வரி பளிச்சுன்னு வந்துருச்சு. அதனால எந்த இடைவெளியில வரி மறைஞ்சாலும் முதல்ல நட்சத்திரத்துக்கு சின்ன ஓட்டைய வச்சு செக் பண்ணுங்க, மைக்கல்சன் ஆளுங்களும் வேற நட்சத்திரத்தைப் பாத்து உறுதி பண்ணுனாங்க.

4. எனக்கு 4 மி.மீ.ல மறைஞ்சுது, 5ல லேசா எட்டிப் பாத்துச்சு. நட்சத்திர ஓட்டையோட அகலம் = 1.22 × ஒளியோட அலைநீளம் × தூரம் ÷ இடைவெளி, அதாவது 1.22 × 0.000525 × 30000 ÷ 4 = 4.8 மி.மீ. ட்ரில் பிட்டு 5, மோசமில்ல.

பெரும்பாலான நட்சத்திரங்க திருவாதிரைய விட ரொம்பப் பொடிசாத் தெரியும், அதுக்கு உத்தரம் பத்தாது. அதான் அதே மவுண்ட் வில்சன்ல சாரா அரேன்னு 6 டெலஸ்கோப்ப 331 மீட்டர் வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க.

அப்டேட்: லேசர் பாயிண்டர் வச்சா வரி மறையவே மாட்டேங்குதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மறையாதுங்க, லேசர்ல ஓட்டையோட எல்லாப் பக்கமும் ஒரே தாளத்துல வரும், நமக்கு ஆளுக்கொரு தாளம் போடுற வெளிச்சம்தான் வேணும். எல்இடிக்கு மாறிக்குங்க.