பால் கவரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நாற்று விடும் முறை

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டு, பிறகு எடுத்து நடுவதே நல்லது. வெண்டை, அவரை, முள்ளங்கி போன்றவற்றுக்கு இந்த வேலை தேவையில்லை. அவற்றை வளரும் இடத்திலேயே ஊன்றிவிடலாம். நாற்றுக்கென்று தனியாகக் குழித்தட்டு வாங்க வேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சும் அரை லிட்டர் பால் கவர், தயிர் டப்பா, தேங்காய்ச் சிரட்டை ஆகியவையே போதும். பெயிண்ட், ஃபினாயில், பூச்சிமருந்து இருந்த டப்பாக்களை மட்டும், எத்தனை முறை கழுவினாலும், பயன்படுத்த வேண்டாம்.

முதலில் பால் கவர், தயிர் டப்பா, சிரட்டை ஆகியவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பாலின் பிசுக்கு தங்கினால் எறும்பு வரும். சில விதைகளை அது இழுத்துக்கொண்டும் போய்விடும்.

அடுத்தது ஓட்டை போடுவது. இந்த முறையில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் முதன்முதலில் தயிர் டப்பாவில் மிளகாய் விதைத்தபோது, அடியில் ஒரே ஒரு ஊசித் துளைதான் போட்டிருந்தேன். நன்றாக முளைத்து நின்ற நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. குனிந்து பார்த்தால், மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பேறி, நனைந்த நூலைப் போல மெலிந்திருந்தது. மேலே இலை பச்சையாகவே இருந்தது. நீர் தேங்கும் மண்ணில் பித்தியம் போன்ற பூசணங்கள் பெருகுவதால் வரும் நாற்றழுகல் நோய் அது. ஆகவே டப்பாவின் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு நான்கைந்து துளைகள் போடுங்கள். பால் கவரில் அடி மூலைகள் இரண்டையும் சாய்வாக வெட்டினால் போதும். சிரட்டையில் கண் உள்ள பாதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்களில் ஒன்று மென்மையாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினாலே திறந்துகொள்ளும்.

நிரப்புவதற்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கும், மண்புழு உரம் ஒரு பங்கும் கலந்தால் நன்றாக இருக்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால், அதை இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கலவையைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதைகளை இட்டு மூடுங்கள். ஆழம் கூடினால் இந்தச் சிறிய விதைகளால் மேலே வர முடியாது. பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டிவிடுங்கள், ஏனெனில் மிளகாய் நாற்றும் கத்தரி நாற்றும் தொடக்கத்தில் எளிதில் குழப்பிவிடும். பிறகு செய்தித்தாளால் மூடி நிழலில் வையுங்கள். தக்காளி ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளைக்கும். மிளகாய்க்குப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், அதனால் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம்.

முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டு, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிச்சம் தேடி நெட்டையாக, வெளிறி வளரும். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் பத்துத் துளைகள் போட்டால் அதுவே பூவாளி. மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும், காலையில், ஊற்றுங்கள். இரண்டும் முளைத்தால் நலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

தக்காளி சுமார் 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வெயில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மாலையில், பால் கவரின் பக்கவாட்டை பிளேடால் கீறி, வேர் மண் உதிராமல் எடுத்து நடவேண்டும். தக்காளியை மட்டும் விதையிலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகள்) வரை ஆழமாகப் புதைக்கலாம், அதன் தண்டிலிருந்தே புது வேர்கள் வரும்; கத்தரியையும் மிளகாயையும் பழைய மண்மட்டத்திலேயே நடுங்கள்.