குதிகால் வலிக்கு எருக்கிலை ஒத்தடம்: பால் படாமல் செய்யும் முறை

நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் குளத்துக்கரையிலும் தரிசிலும் எருக்குக்குப் பஞ்சமே இல்லை. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று குத்துகிறவர்களுக்கு இதன் இலையை வைத்து ஒத்தடம் கொடுப்பது பழைய வழக்கம். வலி தணியும்; ஆனால் அதில் பாதி வேலை சூட்டினுடையது.

அடிக்கிளையில் மஞ்சளாகப் பழுத்த இலை ஐந்தாறு போதும். பச்சை இலையில் பால் அதிகம். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பறியுங்கள். காம்பு முறிந்த இடத்தில் பால் முத்து முத்தாகத் திரளும். காய்ந்தால் பிசின்போல் விரலில் ஒட்டும். காம்பு கீழே பார்க்க வைத்து, சொட்டு நின்றபின் கழுவி, இலையடியில் மாவு பூசினாற்போல இருக்கும் வெள்ளைப் படலத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

காய்ந்த செங்கல்லை அடுப்பில் சூடாக்குங்கள். ஈரக்கல் சூட்டில் வெடிக்கும். இறக்கி ஆறவிட்டு, மேலே இலைகளைப் பரப்பி, நாலாக மடித்த துண்டைப் போடுங்கள். அதன்மேல் புறங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கிறதா என்று பார்த்தபின்தான் குதிகாலை வைக்கவேண்டும். தினமும் பத்து நிமிஷம், ஒரு வாரம் செய்யலாம். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. சுடுவது தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும். பித்தவெடிப்பு இருந்தாலும் வேண்டாம். வெடிப்புக்குள் பால் இறங்கினால் எரிச்சல் தாங்காது. இலையை இரவு முழுக்கக் காலில் கட்டிக்கொண்டு தூங்கினால் தோல் வெந்து போகும். முள் குத்தின இடத்தில் பால் விடுவதும் அப்படித்தான், சுற்றியுள்ள தோலும் புண்ணாகும்.

எல்லாவற்றையும்விடப் பயப்படவேண்டியது கண்ணுக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து மாலை கட்டுகிறவர்கள் அதே கையால் கண்ணைக் கசக்கிவிடுகிறார்கள். இந்தப் பால் கருவிழியை மரக்கச் செய்வதால் வலி அவ்வளவாகத் தெரியாது. அதை நம்பி இருந்துவிட்டால் சில மணி நேரத்தில் பார்வை புகைமூட்டமாகிவிடும், கருவிழி வீங்கியிருக்கும். பட்ட உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிஷம் விடாமல் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெளிந்துவிடும்.

உள்ளுக்குச் சாப்பிடுவது வீட்டு வைத்தியத்தில் சேர்த்தியில்லை. சித்த மருந்துகளில் எருக்கின் பூவும் பாலும் வேர்ப்பட்டையும் சேர்வது உண்மைதான், ஆனால் அது முறையாகச் சுத்தி செய்து (நச்சை முறித்து), அளவறிந்து வைத்தியர் கொடுப்பது. இதிலுள்ள கலோட்ரோபின் போன்ற நச்சுகள் இதயத்தைத் தாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி நாடித்துடிப்பு தாறுமாறாகும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் திரும்பவும் தொண்டையைப் புண்ணாக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், செடியின் ஒரு கொப்பைக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.