மூன்றே கார்டில் ஒரு முழுப் பாட்டு: கிட்டாரில் தொண்ணூறுகளின் 'வாட்ஸ் அப்?'

ஜி, சி, ஏ மைனர் என்ற மூன்று கார்டும் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) விரலுக்கு ஓரளவு பழகிவிட்டன, ஆனால் ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்க முடியவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. பிக் பிடிப்பது, கம்பி மாட்டுவது பற்றியெல்லாம் இதில் இல்லை.

பாட்டு, ஃபோர் நான் ப்ளாண்ட்ஸ் என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவினுடையது. லிண்டா பெர்ரி எழுதிப் பாடியது. ஆல்பம் 1992இல் வந்தது, சிங்கிள் 1993இல். தேடும்போது குழுவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செல்போன் செயலிதான் வந்து நிற்கும். கேட்டதும் மனசைத் தூக்கிவிடும் பாட்டு அந்தக் காலத்தில் எத்தனையோ உண்டு. இதை எடுக்கக் காரணம், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே சுற்றுதான்: ஏ, பி மைனர், டி, மறுபடி ஏ. கோரஸுக்கென்று தனியாக ஒரு கார்டுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் கோரஸ் வரும்போது எழுந்து நின்று கத்தத் தோன்றுகிறது. அந்த வேலையைச் செய்வது குரலும் வலது கையும்தான்.

படி 1: கேப்போ

பி மைனர் என்றதும் புதியவர்கள் பலர் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். ஆள்காட்டி விரலால் கம்பிகளை மொத்தமாக அழுத்த வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம். இரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கட்டங்களில் இரண்டாவது) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி, போட்டு ஜி, ஏ மைனர், சி, ஜி என்று பிடித்தால் அதே சுருதி கிடைத்துவிடும். கேப்போவை ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். போட்ட பிறகு இன்னொரு முறை டியூன் பாருங்கள். அழுத்தத்தில் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். டியூனருக்கு என் ஓட்டு கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் வகைக்கு. அது அதிர்வை வைத்துப் பார்ப்பதால் மின்விசிறிச் சத்தத்தில் குழம்பாது. செல்போனில் உள்ள டியூனர் செயலி அப்படி இல்லை.

படி 2: விரல் மாற்றம்

ஏ மைனரிலிருந்து சி போக மோதிர விரலை மட்டும் மூன்றாம் கம்பியிலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கு நகர்த்தினால் போதும். மற்ற இரண்டு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கஷ்டம் ஜியில்தான். நான்கு விரல் ஜியைப் பழகுங்கள்: மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டாம், முதல் கம்பிகளின் மூன்றாவது ஃபிரெட்டில். மூன்று விரல் ஜியே போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை, காரணம் பின்னால் வருகிறது.

படி 3: கை நிற்கக் கூடாது

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கார்டு மாற்றும்போது இடது கை தடுமாறும், அதைப் பார்த்து வலது கையும் நின்றுவிடும். தாளம் அங்கேயே போயிற்று.

முதலில் கார்டையே மறந்துவிட்டு, இடது கையால் கம்பிகளை லேசாகத் தொட்டுச் சத்தத்தை அடக்கிக்கொள்ளுங்கள். வலது கை மட்டும் கீழ், மேல், கீழ், மேல் என்று நிற்காமல் ஓடட்டும். "ஒன்று-ம், இரண்டு-ம், மூன்று-ம், நான்கு-ம்" என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுக்குக் கை கீழே, 'ம்'முக்கு மேலே. இதில் 'ஒன்று'க்கு அடுத்த மேலடியையும், 'மூன்று' என்ற கீழடியையும் காற்றில் விடுங்கள். கை போக வேண்டும், கம்பியைத் தொடக் கூடாது. காதில் விழுவது: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். ஒரு கார்டுக்கு இதில் இரண்டு சுற்று.

இனி கார்டுகளைச் சேருங்கள். இரண்டாம் சுற்றின் கடைசி மேலடி விழும்போதே இடது கை கிளம்பிவிட வேண்டும். அந்த ஓர் அடிக்குக் கம்பிகள் வெறுமனே ஒலிக்கும். ஒலிக்கட்டும்! காதுக்கு அது தப்பாகவே படாது. அடுத்த 'ஒன்று'க்குள் ஒரு விரல் வந்து சேராவிட்டாலும் கை ஓடட்டும்; அது அடுத்த அடிக்கு வந்துவிடும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 அடியில் வைத்து ஆரம்பியுங்கள். பாட்டின் வேகம் ஏறக்குறைய 134. 0.60 மில்லிமீட்டர் மெல்லிய பிக் இதற்கு நல்லது, தடித்த பிக் கம்பியில் மாட்டும்.

படி 4: சத்தம்

ஆரம்ப வரிகளுக்குத் தடித்த கம்பிகளை மட்டும் மெதுவாகத் தொடுங்கள். கோரஸ் நெருங்க நெருங்க அடி அகலட்டும், கோரஸில் ஆறு கம்பியும் முழங்கட்டும். முதல் வரியிலேயே முழுப் பலத்தையும் காட்டிவிட்டால் ஏறுவதற்கு இடம் இருக்காது.

அடுத்து என்ன?

ஓயாசிஸின் 'வொண்டர்வால்', 1995. கேப்போவை எடுக்க வேண்டாம், அதுவும் இரண்டாவது ஃபிரெட்தான். ஈ மைனர் 7, ஜி, டி சஸ் 4, ஏ 7 சஸ் 4 என்று பெயர்கள் மிரட்டும். ஆனால் நான்கிலும் அந்த மோதிர விரலும் சுண்டு விரலும் அசையவே அசையாது. நான்கு விரல் ஜிக்கு நான் அடம்பிடித்தது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை: கேப்போ போட்டும் பாட்டோடு சேரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், கேப்போ போட்ட பிறகும் கார்டு பிடிக்க ஃபிரெட்டுகளைக் கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார். கேப்போ போட்டபின் கார்டு பிடிக்க அதற்கு அடுத்ததுதான் முதல் ஃபிரெட்.

இன்னொன்று, ஆண் குரல்கள் பலவற்றுக்குக் கோரஸ் எட்டவில்லை. லிண்டா பெர்ரியின் உயரத்தில் பாடினால் தொண்டை கட்டிவிடும். கேப்போவைக் கழற்றிவிட்டு டி, ஈ மைனர், ஜி, டி என்று வாசித்துப் பாருங்கள். அதே சுற்றுதான், சுருதி நன்றாகவே இறங்கிவிடும். அதுவும் தாழ்வாக இருந்தால் இதே வடிவங்களோடு கேப்போவை ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏற்றிக்கொண்டே போங்கள்.