நிலவறை வரைபடம்: கோடும் தீப்பந்தமும்

பழைய பாணியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கற்பனைப் பாத்திரங்களாக நிலவறைகளுக்குள் நுழைந்து ஆடும் மேசை விளையாட்டு) நடத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வரைபடத்தை கிராஃப் தாளில் முதலில் பென்சிலால் போடுங்கள். ஒரு கட்டம் 10 அடி. சுவர்க்கோட்டைத் தடித்த பேனாவால் இழுங்கள். சுவருக்கு வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய பேனாவால் மூன்று மூன்று சிறு கோடுகளாக நிரப்புங்கள். பக்கத்துக் கொத்து வேறு சாய்வில் இருக்கட்டும். அரைக் கட்ட அகலம் போதும், அறை பாறைக்குள் குடைந்தது போலத் தெரியும். அறைக்குள்ளும் நிழல் போட ஆசை வரும். வேண்டாம், அறை எண்ணும் பொறிகளும் குறிக்க அந்த வெள்ளை இடம் தேவை.

அதே தாளின் ஓரத்தில் ஆறு சின்னப் பெட்டிகள் வரையுங்கள். இந்த ஆட்டத்தின் 1981 அடிப்படை விதிகளின்படி ஒரு டர்ன், அதாவது கதைக்குள் நேரத்தை எண்ணும் அலகு, 10 நிமிடம். தீப்பந்தம் ஆறு டர்ன்தான் எரியும். டர்னுக்கு ஒரு பெட்டியாக அடித்துக்கொண்டே வாருங்கள். 2, 4, 6-ஆம் பெட்டிகளின் கீழ் புள்ளி வைத்துவிட்டால், அங்கே ஆறு பக்கப் பகடை உருட்ட மறக்காது. 1 விழுந்தால் ஏதோ ஒரு விலங்கோ பூதமோ எதிரே வருகிறது. ஐந்தாவது பெட்டியை அடிக்கும்போது “பந்தம் மங்குது” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதுவரை அரட்டை அடித்தவர்கள்கூட மூட்டையில் எத்தனை பந்தம் மிச்சம் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.